ஒட்டாமல் விட்ட மூட்டு

தங்கை வீட்டுக்கு, எல்லா அறைக்கும் குழாய் வழியே காற்று போகும் ஏசி பொருத்திக் கொடுத்தது அண்ணன்தான். இருபது வருடமாக அதுதான் அவன் பிழைப்பு. சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், கேஸில் ஓடும் வெந்நீர் ஹீட்டருக்குப் பக்கத்தில், அதன் ஆள் உயரப் பெட்டியை நிறுத்தினான்.

"இது புதுசா காத்து எதையும் உண்டாக்காது மாப்பிள்ளை. வீட்டுல இருக்கிறதையே இழுத்து, சூடாக்கியோ குளிராக்கியோ திருப்பி அனுப்பும்."

"உங்க தங்கச்சி மாதிரின்னு சொல்லுங்க மச்சான். நான் சொன்னதையே கொஞ்சம் சூடாக்கித் திருப்பிச் சொல்லுவா."

காற்றை இழுக்கும் குழாய் பெட்டியோடு சேரும் இடத்தில், பின்பக்கம் மட்டும் டேப் ஒட்டவில்லை. கையிலிருந்தது தீர்ந்துவிட்டது. "நாளைக்கு வந்து ஒட்டிடறேன்," என்று கிளம்பினான். மறுநாள் ஒரு பெரிய கட்டடத்தில் வேலை கிடைத்தது. மூன்று மாதம் ஓடிவிட்டது.

குளிர்காலத்தில் ஒருநாள் மாப்பிள்ளை காய்ச்சலென்று ஜன்னல்களைச் சாத்தி, சூடு வர மெஷினை ஓடவிட்டுப் படுத்திருந்தார். வேலைக்குப் போன தங்கை மதியம் திரும்பியபோது அவர் தூங்குவதுபோலவே கிடந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது.

ஹீட்டரின் புகை என்றார் டாக்டர். போன மாதம் அதைப் பழுதுபார்த்தவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

மூன்றாம் நாள் அண்ணன் தனியாக அந்த அறைக்குள் போனான். மெஷினை ஓடவிட்டு, அந்த இடைவெளிக்கு நேரே ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தான். விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு அது உள்ளே போனது. ஹீட்டரிலிருந்து மேலே போக வேண்டிய புகையையும் இப்படித்தான் இழுத்துப் படுக்கையறைக்கு அனுப்பியிருக்கிறது.

தங்கையிடம் போய்ச் சொன்னான். அவள் அழவில்லை.

"ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்."

அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டு தடவை கேட்டார், 'பின்னாடி ஏதோ ஒட்டணும்னாரே மச்சான், ஞாபகப்படுத்தினியா'ன்னு. உனக்கு வேலை தலைக்கு மேல இருக்குமேன்னு நான்தான் கூப்பிடல."

"உன்மேல எந்தத் தப்பும் இல்லம்மா."

"போயிடுண்ணா."

அவன் நேரே ஸ்டேஷனுக்குப் போய், தான் ஒட்டாமல் விட்டதுதான் காரணம் என்று எழுதிக் கொடுத்தான். ஹீட்டர்காரனை வெளியே விட்டார்கள். அவன் இவனைக் கடந்து போகும்போது ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வழக்கு நடக்கும்போதே தங்கை வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனாள். எங்கே என்று அவனிடம் சொல்ல சொந்தத்தில் யாருக்கும் மனம் வரவில்லை.