ஒச்சாண்டி ஒடித்த துரும்பு

நாலு பேரைச் சிரிக்க வைப்பதற்காக ஒச்சாண்டி எதையும் பணயம் வைப்பான். பணயம் வைக்க அவனிடம் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை என்பதால் நஷ்டமும் வந்ததில்லை. மாசி அறுவடை முடிந்து களத்தில் போரடித்த அந்த மத்தியானம் மட்டும் பெண்டாட்டியே போய்விட்டாள்.

உத்தமபாளையத்துக்குத் தெற்கே, ஆற்றை ஒட்டிய களம். சொந்தபந்தமெல்லாம் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. ஊற்றிக்கொண்டு வந்த சுப்புத்தாய், மலைபோலக் கிடந்த வைக்கோலைப் பார்த்துவிட்டுப் புருசனைப் பார்த்தாள்.

"இம்புட்டு வைக்கோல் கெடக்கு. இந்த வருசமாச்சும் கூரையை மேய்வீகளா? போன மழைக்கு ஒழுகல் எங்கன எங்கனன்னு பார்த்து, பாயோட நானும் வீட்டைச் சுத்தி வந்தேன். கோயிலைச் சுத்தியிருந்தா புண்ணியமாச்சும் கெடைச்சிருக்கும்."

களம் முழுக்கச் சிரித்தது. ஒச்சாண்டிக்கு அதுதான் உறைத்தது. கூரை ஒழுகுவது அல்ல; அது கல்யாணத்துக்கு மறுவாரமே ஒழுகியது. "நாளைக்கு மேய்ஞ்சிருவோம்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டான். அந்த நாளை இரண்டு மழைக்காலத்தைத் தாண்டி இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஆனால் சிரிப்பு என்பது அந்த ஊரில் அவன் குத்தகை. அதில் பெண்டாட்டி வந்து அறுத்துக்கொண்டு போவதா?

பக்கத்தில் கிடந்த ஒரு வைக்கோலை எடுத்தான். இரண்டாக ஒடித்தான். எழுந்து நின்று, ராசா மாதிரி கையை நீட்டினான்.

"இந்தா புள்ள! ஒழுகாத வீடாப் பார்த்துப் போய்க்க!"

சிரிப்பு எழுந்தது, பாதியிலேயே நின்றும் போனது.

அவன் சனத்துக்குக் கல்யாணத்தை முறிக்கக் கோர்ட்டுக் கச்சேரியெல்லாம் தேவையில்லை. பந்துசனம் பார்க்கப் புருசன் ஒரு துரும்பைக் கிள்ளிக் கொடுத்து, பெண்டாட்டி அதை வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. ஒச்சாண்டிக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் வேடிக்கை. சுப்புத்தாய் கையைத் தட்டிவிடுவாள், "போங்க அங்கிட்டு" என்பாள், களம் இன்னொரு தரம் சிரிக்கும். அப்படித்தான் அவன் நினைத்தது.

சுப்புத்தாய் கையை முந்தியில் துடைத்துக்கொண்டு துரும்பை வாங்கினாள். முந்தி முனையில் வைத்து முடிந்தாள். வரிசையில் மீதி இருந்தவர்களுக்கும் கஞ்சி ஊற்றி முடித்தாள். கலயத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கோம்பைப் பாதையில் பிறந்த வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அவளுடைய அண்ணன் முத்துக்கருப்பனும் அறுப்புக்கு வந்திருந்தான். அவன் வாயைக் கொப்புளித்து எழுந்தான். "கஞ்சி நல்லாருந்துச்சு மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தங்கச்சி பின்னால் போனான்.

ஊர்ப் பெரியவர் மொக்கைச்சாமியிடம் ஒச்சாண்டி ஓடினான்.

"சித்தப்பு, அது வெளாட்டு."

"நீ குடுத்தது வெளாட்டு. அவ வாங்கினது வெளாட்டா?"

"அதை எப்பிடித் திருப்பி வாங்குறது?"

"ஏலே, குடுத்தவன் திருப்பிக் கேக்க முறை கெடையாது. வாங்கினவளா மனசு வந்து குடுத்தா உண்டு." கிழவர் வெற்றிலையைத் துப்பினார். "உன் வாயை நம்பி இந்த ஊர்ல எவனும் உழவுமாடு கூட எரவல் குடுக்க மாட்டான். அந்தப் புள்ள ரெண்டு வருசம் குடும்பம் நடத்தியிருக்கு. அதுக்கே கோயில் கட்டணும்."

மறுநாள் ஒரு முழம் மல்லிகையும் பொட்டலத்தில் காராச்சேவும் வாங்கிக்கொண்டு ஒச்சாண்டி கோம்பைக்குப் போனான். வழியெல்லாம் ஒரு வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். வாசலில் நின்று அதை எடுத்துவிட்டான்.

"சுப்புத்தாயி! அந்தத் துரும்பைக் குடு. மாடு பசியோட நிக்கிது!"

உள்ளே முறம் புடைக்கிற சத்தம் ஒரு தட்டுக் கூடத் தப்பவில்லை. முத்துக்கருப்பன்தான் வெளியே வந்தான்.

"மச்சான், அவளைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

"கூப்பிடுறது இருக்கட்டும் மாப்பிள்ளை. இங்கன ஒருத்தர் கேட்டு விட்டிருக்காரு. பெண்டாட்டி செத்து ஒரு வருசமாச்சு. ஓட்டு வீடு."

"ஓட்டு வீடா?"

"ஒரு சொட்டு ஒழுகாதாம். ஆளும் நல்ல ஆளு. சிரிக்கவே மாட்டாராம்."

சிரிக்காததையும் ஒரு தகுதியாக எண்ணுகிற காலம் வந்துவிட்டதே என்று ஒச்சாண்டி நினைத்தான். காராச்சேவுப் பொட்டலம் கையில் நசுங்கியது. அப்போதுதான் முறம் நின்றது. சுப்புத்தாய் நிலைப்படிக்கு வந்தாள்.

"ஒரு நாளைச் சொல்லுங்க."

"என்ன நாளு?"

"கூரை முடியிற நாளு. நாளைக்குன்னு சொல்லாதீக. பேரு உள்ள நாளாச் சொல்லுங்க."

சட்டென்று ஒச்சாண்டி வாயில் வந்தது: "வீரபாண்டித் தேரன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள."

"தேருக்கு மறுநாள் காலையில வருவேன். கூரை இருந்தா இருப்பேன். இல்லாட்டி இந்தத் துரும்பு இருக்கு."

சித்திரைக் கடைசியில் ஊரே வண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போகிற நாளை எதற்காகச் சொன்னோம் என்று திரும்பி வருகிற வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டான். சொன்னது சொன்னதுதான். அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு வாக்கியத்தை நினைத்ததே அன்றுதான்.

பங்குனி முழுக்க மூங்கிலும் நாரும் சேர்த்தான். சித்திரை பிறந்ததும் பழைய கூரையைப் பிரித்துப் போட்டு வேலையைத் தொடங்கினான். உதவிக்கு ஒருவரும் வரவில்லை. துரும்பு வாங்கிப் போனவள் வீட்டு விவகாரத்தில் யார் தலையிடுவது? வைக்கோலைத் தானே கட்டாகக் கட்டி, மேலே ஏறி, கயிற்றால் இழுத்தான். முகட்டிலிருந்தே பரப்ப ஆரம்பித்தான். அங்கே உட்கார்ந்தால் பாதை தெரியும். பாதையில் போகிறவர்களுக்கு இவனும் தெரிவான். இரண்டு வார்த்தை வேடிக்கையாகப் பேசலாம்.

பேச வந்தவர் மொக்கைச்சாமிதான். அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏலே, கூரையைக் கீழ இறவாரத்துல ஆரம்பிச்சு மேல போகணும். நீ உச்சியில ஆரம்பிச்சிருக்கே. பெய்யிற மழையெல்லாம் வைக்கோலுக்கு அடியில புகுந்து நேரா உன் பாய்க்கு வந்துரும்."

ஒச்சாண்டி போட்டதையெல்லாம் பிரித்தான். அந்த வேலையில் சித்திரை பாதி போயிற்று. மறுபடி இறவாரத்தில் தொடங்கினபோது பாதை தெரியவில்லை. சுவரும் மூங்கிலும்தான் தெரிந்தன. பேச ஆள் இல்லாததால் கை வேகமாகவே ஓடியது. இந்தச் சங்கதி முன்னமே தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டான்.

தேரன்றைக்கு ஊர் காலி. முகடு மட்டும் பாக்கி. உச்சி வெயிலில் ஒரு ஜட்கா வந்து வாசலில் நின்றது. இறங்கினது கமால். உத்தமபாளையத்தில் கேஸ் லைட் வாடகைக்கு விடுகிறவன். திருவிழா நாடகம் எங்கே நடந்தாலும் வெளிச்சம் அவனுடையது.

"ஒச்சாண்டிண்ணே! எறங்குங்க, எறங்குங்க! ராத்திரி வீரபாண்டியில நாடகம். மதுரை பபூனுக்குத் தொண்டை கட்டிக்கிருச்சு. நீங்கதான் வேசம் கட்டணும்னு சொல்லிப்பிட்டேன்."

ஒச்சாண்டியின் கையிலிருந்த நார் நழுவியது. பபூன் வேசம்! களத்திலும் கடைத்தெருவிலும் செலவழித்த அத்தனை வேடிக்கையும் அந்த ஒரு மேடைக்கு ஒத்திகைதான். ஆயிரம் சனம். கமாலின் வெளிச்சம். தொப்பி கூட அவனுக்குத் தெரிந்தது. சிவப்புத் தொப்பி, முனையில் மணி. முகடுதானே பாக்கி? விடிவதற்குள் திரும்பி வந்து...

அந்த யோசனைக்கு 'நாளைக்கு' என்று பெயர் என்பது அவனுக்குத் தெரிய வந்தது.

"வரலை கமாலு."

"என்னண்ணே, இது வெளாட்டா?"

"வெளாட்டா இருந்தா வந்திருவேன்."

"தேரன்னைக்குக் கூரை மேயுற ஒரே ஆளு இந்தப் பள்ளத்தாக்குலயே நீங்கதாண்ணே. இதை மேடையில சொன்னாலே சனம் சிரிக்கும்."

"சொல்லு. சிரிக்கட்டும். அந்த மட்டுக்கு நானும் நடிச்ச மாதிரி ஆச்சு."

கமால் சட்டையைக் கழற்றி ஜட்காவில் போட்டான். "லைட்டுக்கு நேரமாச்சு. நாலு கட்டு எடுத்துக் குடுத்துட்டுப் போறேன்." கொடுத்தான். போகும்போது, "தொப்பி உங்க தலைக்கு அளவு எடுத்த மாதிரி இருந்துச்சுண்ணே" என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போனான். நல்ல மனசுக்காரன்தான், வாய்தான் சரியில்லை. ஒச்சாண்டி அதைக் குறை சொல்ல முடியாது.

கடைசி வெயில் மேகமலை உச்சியில் மஞ்சளாகப் படிந்தபோது முகட்டின் கடைசிக் கட்டைக் கட்டி இறங்கினான். தூரத்தில் நின்று பார்த்தான். முகடு, படுக்கப் போகிற எருமையின் முதுகு மாதிரி ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஆனாலும் கூரை.

அன்று ராத்திரி கோடை மழை பிடித்து அடித்தது. விடிந்தும் விடாமல் தூறியது. தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு சுப்புத்தாய் வந்தாள், பின்னால் முத்துக்கருப்பன். அவள் முகட்டைப் பார்த்தாள். உதடு ஒரு ஓரம் துடித்தது. உள்ளே போய், வழக்கமாகச் சட்டி வைக்கிற மூலைகளையெல்லாம் காலால் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

அப்போது அடுப்புக்கு நேர் மேலே ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

முத்துக்கருப்பன் தொண்டையைச் செருமினான்.

"அது ஒண்ணு தப்பிப் போச்சு" என்றான் ஒச்சாண்டி. "அதை நாளைக்கு..."

வாயை மூடிக்கொண்டான். வெளியே போய் ஏணியை எடுத்துச் சாத்தினான். தூறலில் ஏறினான்.

"வழுக்கும் மாப்பிள்ளை! மழை விடட்டும்!"

"மழை விட்டா எங்கன ஒழுகுதுன்னு எப்பிடித் தெரியும் மச்சான்?"

கீழே யாரோ வைக்கோல் கட்டை நீட்டினார்கள். குனிந்து பார்த்தான். சுப்புத்தாய்.

"புள்ள," என்றான் தயங்கி, "அன்னைக்கு ஏன் வாங்கினே? வெளாட்டுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்." அவள் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு வருசமா நீங்க சொன்னது ஒண்ணையும் நான் நம்பினதில்லை. ஒண்ணையாவது நம்பிப் பார்ப்போமேன்னு இருந்துச்சு."

ஒச்சாண்டிக்கு இதற்கு ஒரு பதில் வேடிக்கை தோன்றியது. நல்ல வேடிக்கைதான். விழுங்கிவிட்டான்.

அவள் முந்தி முடிச்சை அவிழ்த்தாள். துரும்பு நனைந்து, நைந்து, துரும்பு என்று சொல்லிக்கொள்ளவே லாயக்கில்லாமல் இருந்தது. எக்கி அதை அவன் நீட்டிய கையில் வைத்தாள்.

"இதையும் சேர்த்துக் கட்டுங்க. இறுக்கமா."

கட்டினான். கீழே முத்துக்கருப்பன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொட்டு நின்றிருந்தது.

"நின்னுருச்சு மாப்பிள்ளை!" என்று உள்ளேயிருந்து கத்தினான். பிறகு கொஞ்சம் பொறுத்து, "ஓட்டு வீட்டுக்காரருக்கு நான் என்னன்னு சொல்ல?"

"சிரிக்கச் சொல்லுங்கண்ணே" என்றாள் சுப்புத்தாய்.