இமாஸ் வீட்டு இரண்டு பெட்டிகள்

லெம்பாங் மலையிலிருந்து இமாஸ் போன் செய்தபோது பெரியவர் எங்கோஸ் சோற்றில் கை வைத்திருந்தார்.

"பாக், உங்ககிட்ட வாங்கின மலைப்பாம்பு மறுபடியும் எலியைக் கக்கிடுச்சு. நாளைக்கு அதைப் பூங்காவுக்குக் கொண்டாந்து உங்க பாயிலயே வைக்கப் போறேன். குரூப்லயும் போட்டுட்டேன், எல்லாரும் பார்த்தாச்சு."

எங்கோஸ் தட்டைத் தள்ளி வைத்தார். பாண்டுங் நகரில் பாம்பு, பல்லி வளர்ப்பவர்கள் ஞாயிறு காலையில் பூங்காவில் கூடுவார்கள். விற்கிறவர் ஒவ்வொருவருக்கும் மரத்தடியில் ஒரு பாய். வாங்கியவர் பாம்பைத் திருப்பிக் கொண்டுவந்து அந்தப் பாயில் வைத்துவிட்டுப் பேசாமல் போனால், அதற்குப் பிறகு விற்றவர் வீட்டுப் பாம்பை யாரும் தொட மாட்டார்கள். சண்டையே வேண்டியதில்லை. எங்கோஸின் பாயில் அப்படி ஒரு பாம்பும் வந்ததில்லை. அவருடைய அப்பாவின் பாயிலும் வந்ததில்லை.

"இன்னிக்கே வர்றேன், நெங்" என்று மகளைக் கூப்பிடுவது போல் சொல்லி போனை வைத்தார்.

தேய்த்து வைத்த பத்திக் அச்சுத்துணிச் சட்டையைப் போட்டார். கறுப்புத் தொப்பியை நேராக வைத்துக்கொண்டார். மருமகன் யாயான் பைக்கை எடுத்தான். இமாஸ் வீட்டில் பாம்பும் பல்லியும் இருக்கும் பெட்டிகளுக்குச் சூட்டுக் கம்பிகளை மாட்டிக் கொடுத்தவனும் அவன்தான்.

"அந்தக்கா ஜன்னலைத் திறந்து போட்டிருக்கும், அபா. லெம்பாங் குளிர் தெரியாதா?" என்றான் யாயான். மாமனாரை அவன் அபா என்றுதான் கூப்பிடுவான்.

"நம்ம பாம்புல குறை கிடையாது. நம்ம வேலையிலயும் குறை கிடையாது. அப்ப குறை அவ வீட்டுலதான். வண்டியை ஓட்டு."

இமாஸ் சந்தைக்குப் பக்கத்தில் பக்ஸோ என்ற இறைச்சி உருண்டை சூப்புக் கடை வைத்திருப்பவள். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"வாங்க பாக். தொப்பியெல்லாம் போட்டு வந்திருக்கீங்க, கல்யாணத்துக்கா வந்தீங்க? உட்காருங்க. நின்னுக்கிட்டிருக்கிற ஆளைத் திட்டினா எனக்குத் திருப்தியா இருக்காது."

முன்னறையில் ஓர் அலமாரி மேல் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் ஒட்டி ஒட்டி நின்றன. இடது பெட்டியில் பாம்பு. வலது பெட்டியில் நீலநாக்குப் பல்லி. ஒவ்வொன்றுக்கும் கீழே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் அதனதன் தெர்மோஸ்டாட், சிவப்பு எண்களோடு.

"பாருங்க, பாம்புப் பெட்டி முப்பத்தெட்டு காட்டுது. கொதிக்குது! தினமும் குறைச்சுக் குறைச்சு வைக்கிறேன், மூடியைக்கூட லேசாத் திறந்து வச்சிருக்கேன். இந்தப் பக்கம் பல்லிப் பெட்டி இருபத்தி மூணைத் தாண்ட மாட்டேங்குது. அதைக் கூட்டிக்கிட்டே போறேன். உங்க பாம்பு நோஞ்சான் பாக், கொஞ்சம் சூட்டைக்கூடத் தாங்கல."

எங்கோஸ் எண்ணைப் பார்க்கவில்லை. சட்டைக்கையை மடித்துவிட்டுப் பாம்புப் பெட்டிக்குள் கையை விட்டார். அடித்தரை மழைநாள் தளம் போல் சில்லென்று இருந்தது. பாம்பும் சில்லென்று இருந்தது. குளிர்ந்த வயிறு எலியைச் செரிக்காது, அதனால்தான் கக்கியிருக்கிறது.

அடுத்து பல்லிப் பெட்டியின் மூடியைத் தூக்கினார். அடுப்பு மூடியைத் திறந்தது போல் முகத்தில் அனல் அடித்தது. பல்லி தண்ணீர்க் கிண்ணத்தில் படுத்து வாயைத் திறந்து வைத்திருந்தது.

"அது எப்பவும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டு இருக்கும்" என்றாள் இமாஸ்.

"சிரிக்கல, நெங். மூச்சு வாங்குது."

சொல்லிக்கொண்டே பல்லிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். இமாஸ் "ஐயோ!" என்று தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினாள்.

மாமனாரும் மருமகனும் அலமாரியை இழுத்து அதன் பின்னால் குனிந்தார்கள். சூட்டை அளக்கும் இரண்டு சென்சார் கம்பிகளும் கறுப்பு. இரண்டும் அலமாரியின் ஒரே துளை வழியாக மேலே போய், பெட்டிகளுக்குள் இடம் மாறியிருந்தன. பாம்பின் தெர்மோஸ்டாட்டுக்கு உரிய சென்சார் பல்லிப் பெட்டியில் தொங்கியது. அங்கே சூடு இருப்பதைக் கண்டு அது பாம்பின் சூட்டை நிறுத்தியது. பல்லியின் சென்சார் பாம்புப் பெட்டியில் குளிரை அளந்து, பல்லியின் சூட்டை நிறுத்தாமல் ஏற்றியது. இமாஸ் எண்ணைத் திருத்தத் திருத்த ஒரு பெட்டி உறைந்தது, மற்றது வெந்தது.

யாயான் உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். குரலை அடக்கிச் சொன்னான்: "அபா, ஒரு நிமிஷம் போதும், மாத்திடறேன். அந்தக்கா மூடியைத் திறந்து வச்சதாலன்னு சொல்லிடுவோம். திறந்துதானே வச்சிருந்துச்சு? பொய் இல்லையே."

பொய் இல்லைதான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் எங்கோஸ் மலையேறி வந்திருந்தார். சொன்னால் பாம்பின் பெயரும் தப்பும், வீட்டுப் பெயரும் தப்பும். ஆனால் பக்ஸோ விற்கிற ஒருத்தியின் தலையில் பழியை இறக்கிவிட்டு மிஞ்சுகிற பெயர் அவருக்கு எதற்கு? அப்பா விட்டுப்போன பெயர் அவ்வளவு மலிவானதல்ல. இமாஸ் தண்ணீரோடு வந்தபோது அவர் முதுகை நிமிர்த்தி நின்றார்.

"நெங், பாம்பு நல்ல பாம்பு. நீயும் எண்ணைப் பார்த்துத்தான் செஞ்சே. சென்சார் ரெண்டும் இடம் மாறியிருக்கு. மாட்டினது எங்க வீட்டுக் கை. தப்பு எங்களோடது."

இமாஸ் அவரைப் பார்த்தாள், கம்பிகளைப் பார்த்தாள், பிறகு யாயான் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டாப்பா, உனக்கு இடது வலது தெரியாதா? கல்யாணத்தன்னிக்கு மோதிரத்தை யார் விரல்ல போட்டே?"

யாயான் தலையைக் குனிந்தபடி கம்பிகளை மாற்றினான். இமாஸ் பல்லிக்குத் தண்ணீர் மாற்றினாள். கோபம் போய்விட்டது.

"சரி பாக், நாளைக்கு நான் வரல. குரூப்ல போட்டதையும் அழிச்சிடறேன்."

"அழிக்காதே. கட்டாயம் வா. வரலைன்னா, எங்கோஸ் மலையேறிப் போய் ஒரு பொம்பளை வாயை அடைச்சிட்டான்னு பேசுவாங்க. பாம்பை மட்டும் கொண்டு வராதே. அது சூட்டுல கிடந்து தேறட்டும். ரெண்டு வாரம் எலி வேண்டாம்."

மறுநாள் பூங்காவில் வழக்கத்தைவிடக் கூட்டம். இமாஸ் வெறுங்கையோடு வந்ததைப் பார்த்து ஏமாந்தவர்களும் உண்டு. எங்கோஸ் யாரும் கேட்கக் காத்திருக்கவில்லை. யாயானைப் பக்கத்தில் நிறுத்தி, "தலையை நிமிர்த்துடா" என்று சொல்லிவிட்டு, நடந்ததை எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை.

எதிர்ப் பாயில் உட்கார்ந்திருந்த மோமோன் தொடையில் தட்டிச் சிரித்தார். "எங்கோஸ் வீட்டுல தப்பா! குடையை எடுங்கப்பா, மழை கொட்டப் போகுது!"

கூட்டம் சிரித்தது. எங்கோஸ் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுத் தப்பை வேற ஒருத்தன் வந்து சொல்ற நிலைமை வரக்கூடாது. அதனால நானே சொல்லிட்டேன். நீ உன் பெட்டிக்குள்ள கடைசியா எப்ப கை வச்சுப் பார்த்தே, மோமோன்?"

மோமோன் தன் உடும்பின் கழுத்தைச் சொறிந்துவிடத் தொடங்கினார். அங்கங்கே சிலர் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார்கள்: "கையை உள்ள விட்டுப் பாரு. எண்ணைப் படிக்காதே, கையை விடு."

இமாஸ் எங்கோஸின் பாயில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படியே பேசினாள்.

"பாக், அடுத்த தடவை பாம்பு முட்டை பொரிஞ்சதும் எனக்கு ஒரு பெண் குட்டி எடுத்து வைங்க. ஆனா பெட்டியை நீங்களே வந்து மாட்டணும்."

"இவன்தான் மாட்டுவான்" என்று எங்கோஸ் யாயானைக் காட்டினார்.

"ஐயோ, மறுபடியுமா?"

"மறுபடியும். கெடுத்த கைதான் சரி பண்ணணும்."

"அப்ப நான் பக்கத்துலயே நிப்பேன். ரெண்டு பெட்டியிலயும் கை வச்சுப் பார்த்துட்டுத்தான் அவனை விடுவேன்."

"தாராளமா பாரு" என்றார் எங்கோஸ்.