ஏழாம் மாதத்து ஆசனம்

பெங்களூர் ரோட்டுப் பம்பு கம்பெனியில் இரும்பு வார்ப்புகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போன ஆட்களுக்காக, எண்பத்திரண்டாம் வருஷம் முதலாளி ஒரு யோகாசன வாத்தியாரை ஏற்பாடு செய்தார். கோதண்டராமன் என்று பெயர். சனிக்கிழமைதோறும் ஷிப்ட் முடிந்ததும் அரைமணி நேரம். இரண்டே மாதத்தில், அங்கே வேலை பார்த்த ரகுபதியின் இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை.

அப்போது அவன் மனைவி பாஞ்சாலிக்கு ஐந்து மாதம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத் தங்கிய கரு. அவளும் இடுப்பு வலியில் தூங்காமல் புரண்டுகொண்டிருந்தாள். தான் கற்றதை அவளுக்கும் சொல்லிக்கொடுத்தான். பாதங்களைச் சேர்த்து உட்கார்வது, மூச்சை நிதானமாக இழுத்து விடுவது, பிறகு குனிந்து கால் விரலைத் தொடுவது. பத்து நாளில் அவளுக்குத் தூக்கம் வந்தது.

"உங்க வாத்தியாரு நல்லா இருக்கணும்" என்றாள்.

ஏழாம் மாதம் ஒரு காலை, குனிந்து நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

"இன்னாங்க, ஈரமா கீது."

சேலையில் ரத்தம். வலி எதுவும் இல்லை என்றாள். அதுதான் அவனை அதிகமாகப் பயமுறுத்தியது.

பஸ் வர நேரமாகும். செங்கல் லாரி ஒன்றை மறித்து, டிரைவர் பக்கத்தில் அவளைச் சாய்த்துக்கொண்டு காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனான். "மூச்ச மெதுவா வுடு, மெதுவா வுடு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

பாஞ்சாலி பிழைத்துக்கொண்டாள். ஆண் குழந்தை, ஒன்றேகால் கிலோ. இரண்டாம் நாள் போய்விட்டது.

"நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தது. சும்மா படுத்திருந்தாலும் ரத்தம் போயிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

"குனிஞ்சதாலயாம்மா?"

"அப்படிக் குனியவே கூடாது. ஆனா அதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. இல்லேன்னும் சொல்ல முடியாது."

கோதண்டராமனைத் தேடிப் போனான். "புள்ளத்தாச்சின்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார் அவர். "உக்கார்றதும் மூச்சும் நல்லதுதான். குனியறதை வேணாம்னு சொல்லியிருப்பேன்." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ரகுபதிக்கு.

பாஞ்சாலியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகத் தண்டலத்திலிருந்து அவள் அம்மா சந்திரம்மாள் வந்தாள்.

"எப்பிடிடி ஆச்சி?"

பாஞ்சாலி அவனைப் பார்க்கவில்லை. "தண்ணிக் கொடம் தூக்கினேம்மா" என்றாள்.

"ஏழு வருசம் கழிச்சி வந்ததுடி. ஒரு கொடம் தண்ணிக்கு இன்னாடி அவசரம்?" சந்திரம்மாள் அழுதுகொண்டே திட்டினாள். மகள் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான்தான் காரணம் என்று சொல்ல ரகுபதிக்கு வாய்வரை வந்தது. நான்தானா என்பதும் தெரியவில்லையே. துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை அவர்கள் பின்னால் நடந்தான். பஸ் ஏறும்வரை மாமியார் ஓயவில்லை.