ஹெல்மெட்டின் உள்பஞ்சு

தின்னர் டப்பாவை மூடாமல் விட்டிருந்தேன். பெயின்ட் கடையின் உள்ளறையில் கலர் கலப்பது என் வேலை. நாங்கள் ரோலர் என்று கூப்பிடும் கூட்டாளி முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான்.

"யோவ், கடையைக் கொளுத்தப் பாக்குறியா? மூக்கை வாடகைக்கு விட்டுட்டியா என்ன?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டப்பாவில் இருந்தது தண்ணீர் மாதிரிதான் பட்டது.

மதியமே அவன் என்னை மூக்கு டாக்டரிடம் இழுத்துப்போனான். அந்த அம்மா கன்னத்து எலும்பை இரண்டு விரலால் அழுத்தினார். கண்ணில் நீர் வந்தது.

"எத்தனை நாளா?"

"நாலு மாசம்."

"குனிஞ்சா முகம் கனக்குமே. மேல்பல்லு வலிக்கும். சோறு மண்ணு மாதிரி இருக்கும். எந்நேரமும் அசதி."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மனைவி காய்ச்சலில் போய் ஐந்து மாதம். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதைச் சொன்னேன்.

டாக்டர் பேனாவை வைத்தார். "அதுக்கு என்கிட்ட மருந்து இல்லப்பா. இது சைனஸ். இதுக்கு இருக்கு."

காகிதத்தில் படம் போட்டார். மூக்கைச் சுற்றி எலும்புக்குள் காற்றறைகள். ஒவ்வொன்றுக்கும் சின்ன வாசல். ஜலதோஷத்தில் வாசல் வீங்கி அடைத்துவிட்டது. உள்ளே சளி தேங்கிக் கெட்டுப்போயிருக்கிறது. வாசனை மேலே ஏற வழியில்லை.

"அப்போ வாசனை பொருள்ல இருக்கும், எனக்குத்தான் தெரியாதா?"

"ஆமா. பொருள் என்ன பண்ணும், பாவம்?"

வெளியே வந்ததும் மச்சினிக்குப் போன் செய்தேன். போன வாரம் வரை மனைவியின் ஹெல்மெட் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. தினமும் காலையில் அதற்குள் முகத்தை வைத்துப் பார்ப்பேன். முதல் மாதம் அவள் தலைமுடி வாசனை இருந்தது. பிறகு குறைந்தது. பிறகு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை, "ஒண்ணுமே இல்ல, எடுத்துக்கோ" என்று மச்சினியிடம் கொடுத்துவிட்டேன்.

"ஹெல்மெட் எங்கே?"

"இங்கதான் இருக்கு மாமா. உள்பஞ்சைக் கழட்டித் துவைச்சுட்டேன்."

கையிலிருந்த மருந்துச் சீட்டை நாலாக மடித்தேன்.

"மாமா? நீங்கதானே ஒண்ணுமே இல்லன்னு சொன்னீங்க. எனக்கு அக்கா வாசம் வந்துச்சு. எனக்கு மட்டும்தான் வருதோன்னு சொல்லல. அதைப் போட்டுட்டு வண்டி ஓட்ட முடியல மாமா, சிக்னல்லயே அழுதுட்டேன். அதான் துவைச்சேன்."

"சரி."

"கோவமா?"

"இல்ல. எனக்கு மூக்கு அடைச்சிருக்கு."

மாத்திரை சாப்பிட்டேன். காலையும் மாலையும் டாக்டர் கொடுத்த உப்புநீரால் மூக்கைக் கழுவினேன். முகத்தின் கனம் ஒரு வாரத்தில் இறங்கியது. பல்வலி போனது. அதோடு துக்கமும் போய்விடுமோ என்று பயந்தேன். போகவில்லை. காலையில் கண் விழித்ததும் ஒன்று மட்டும் அப்படியே இருந்தது. அது சைனஸ் இல்லை.

நான்காவது வாரம் கடையில் திடீரென்று தின்னர் நெடி ஏறியது. இருமினேன்.

"ஆள் வந்துட்டான்டா!" என்றான் ரோலர்.

அன்று மாலை மச்சினி வந்தாள். ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தாள். துவைத்ததிலிருந்து அதைப் போடவே இல்லையாம். நான் அதற்குள் முகத்தை வைத்தேன். அவள் எதிரில் நின்றாள்.

"ஏதாவது வருதா மாமா?"

"சோப்புத்தூள்" என்றேன். நன்றாகவே வந்தது.