ஆர்விட் கேட்ட நேர்ச்சால்

தார்ப்பாயின் நான்காவது மூலையில் கல்லை வைக்கக் குனிந்தபோதுதான் ராணுவ ஜீப் வந்து நின்றது. ஹால்வர் கல்லை வைத்துவிட்டே நிமிர்ந்தார். எழுபதை நெருங்கும் வயதில் வேலையைப் பாதியில் விட்டால் மறுபடி யார் குனிவது?

ஜீப்பிலிருந்து குதித்தவன் கேப்டன் டெல்கடோ. டெக்ஸஸ்காரன், முப்பதுகூட ஆகாதவன். இந்த வட்டாரத்து ஏவுகணைக் குழிகளை உடைத்து மூடும் வேலையைப் பார்த்துக்கொள்ள விமானப்படை அனுப்பிய ஆள்.

"ஐயா, என்ன பண்றீங்க? எடுங்க அதை, முதல்ல எடுங்க!"

"மழை வருது தம்பி. குழியில தண்ணி நின்னா சுத்தி எல்லாம் சேறாயிடும்."

"சேறானா ஆகட்டும். குழி தெரியணும்."

"யாருக்கு?"

டெல்கடோ வானத்தைக் காட்டினான். "ரஷ்யாக்காரனுக்கு."

ஹால்வர் அண்ணாந்து பார்த்தார். மேகம்தான் இருந்தது.

"மேல அவங்க செயற்கைக்கோள் போகும். ஏவுகணையை நிஜமாவே எடுத்துட்டோமா, குழியை நிஜமாவே வெடிவச்சு உடைச்சோமான்னு அவங்க கண்ணால பார்க்கணும். மூணு மாசம் திறந்தே கிடக்கணும்னு அவங்களோட ஒப்பந்தம். நீங்க பாட்டுக்கு மூடிட்டா, எதையோ ஒளிக்கிறோம்னு நினைப்பாங்க."

"உருளைக்கிழங்குக் குவியலுக்குப் போடுற தார்ப்பாய்ப்பா இது."

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்விதான். இருவருமாகச் சேர்ந்து இழுத்துச் சுருட்டினார்கள். சுருட்டும்போது ஹால்வர் விஷயத்தைச் சொன்னார். வீட்டில் அண்ணன் ஆர்விட் படுத்த படுக்கையாக இருக்கிறார். கணையத்தில் புற்று. இந்த வசந்தத்தைத் தாண்டினாலே பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிலம் காய்ந்து, குழி மூடி, விதைத்து அண்ணனுக்குக் காட்டிவிடலாம் என்று ஹால்வர் கணக்குப் போட்டிருந்தார். தார்ப்பாயின் கனமான பக்கத்தைக் கேப்டனே தூக்கி ஹால்வரின் வண்டியில் போட்டான்.

வயலுக்குள் அந்தக் குழி வந்தது அண்ணன் தம்பியின் அப்பா காலத்தில். வடக்கு டகோட்டாவில் அப்போது அரசாங்க ஆட்கள் பண்ணை பண்ணையாக வந்தார்கள். நெடுகக் கிடந்த பெரிய வயலின் நட்டநடுவில் இரண்டு ஏக்கரை எடுத்துக்கொண்டு, கம்பிவேலி போட்டு, மண்ணுக்கடியில் ஏவுகணையை இறக்கினார்கள். அது ரஷ்யாவைப் பார்த்து நின்றது. ரஷ்யாவில் எங்கோ ஒன்று இந்த வயலைப் பார்த்து நின்றது. "மாஸ்கோ வரைக்கும் நம்ம வயலோட பேரு தெரியும்டா" என்று ஆர்விட் பெருமை பேசுவார்.

ஆர்விட்டுக்கு ரஷ்யாமேல் கோபம் கிடையாது. வாஷிங்டன்மேலும் அவ்வளவாகக் கிடையாது. கோபமெல்லாம் வேலிமேல். நூல் பிடித்தாற்போல் உழவுச் சால் ஓட்டுகிறவர் என்று நாலு ஊரில் பேர் வாங்கியவர், அந்த ஒரு வயலில் மட்டும் ஒவ்வொரு வருடமும் வேலியிடம் வந்து டிராக்டரை வளைத்துத் திருப்ப வேண்டியிருந்தது. சாவதற்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே ஒரு நேர்ச்சால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. வேறு ஆசை எதையும் ஹால்வர் அவர் வாயால் கேட்டதில்லை.

ஒரு வருடம் இரண்டு நாடுகளும் முட்டிக்கொள்ளும் நிலைக்குப் போனபோது, வேலியைச் சுற்றிச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். ரேடியோவில் கேட்ட குரல்களே நடுங்கின. ஆர்விட் வேலிக்கு இந்தப் பக்கம் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். "குண்டு விழுந்தா எல்லாருக்கும் விழும். பனி விழுந்தா நம்ம கிழங்குக்கு மட்டும்தான் விழும். தோண்டுடா" என்றார். ஹால்வர் தோண்டினார். அண்ணன் பக்கத்தில் நின்றதால் ஓடாமல் இருந்தார்.

தார்ப்பாயை இறக்கிவிட்டு வீட்டுக்குள் வந்தார். ஆர்விட்டின் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். அங்கிருந்து வயல் முழுக்கத் தெரியும்.

"எதுக்குடா அவன் உன்னைத் துரத்தினான்?"

ஹால்வர் சொன்னார். கேட்டுக்கொண்டே வந்த ஆர்விட் செயற்கைக்கோள் வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்தும் சிரிப்பு நிற்கவில்லை.

"கிழங்குத் தார்ப்பாயைப் போட்டு உலகப் போரை ஆரம்பிக்கப் பார்த்தியேடா!"

"உனக்காகத்தானே போட்டேன்."

"திறந்தே கிடக்கட்டும். இத்தனை வருஷம் ஒளிச்சு வச்சாங்க, இப்பக் காட்டுறாங்க. நல்லதுதானே." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "காட்டுறதைப் பார்த்துட்டேன். அதுவே போதும்."

"போதாது. சால் ஓட்டணும்ல?"

"நீ ஓட்டினா பாம்பு போன தடம் மாதிரி இருக்கும். பின்னாடி திரும்பித் திரும்பிப் பார்ப்பே. தானியக் கிடங்கு உச்சியில கண்ணை வச்சு ஓட்டுடான்னா கேட்டாத்தானே?"

"அப்ப நீ எந்திரிச்சு வந்து ஓட்டு."

"நாளைக்குப் பார்க்கலாம்" என்று கண்ணை மூடினார்.

ஹால்வர் காபி போட்டு எடுத்து வந்தபோது மூச்சு நின்றிருந்தது. சிரித்த களை முகத்தில் அப்படியே இருந்தது. ஹால்வர் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். பிறகு காபியைக் குடித்தார். வீணாக்கினால் ஆர்விட்டுக்குப் பிடிக்காது. அண்ணனுக்குச் சவரம் செய்துவிட்டுத்தான் பாதிரியாருக்குப் போன் செய்தார்.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு நடந்தது. பன்றித்தொடைக் கறி வைத்த ரொட்டி, சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, அண்டா நிறையக் காபி. பக்கத்துப் பண்ணை இர்மா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"முகம் நல்லாயிருந்துச்சு ஹால்வர். தூங்குற மாதிரி."

"சிரிச்சிட்டே போனான்."

"எதுக்குச் சிரிச்சாரு?"

"என்னைப் பார்த்துத்தான்."

இர்மா அவர் தட்டில் இன்னொரு ரொட்டி வைத்தாள்.

டெல்கடோ சீருடையில் வந்திருந்தான். காபிக் கோப்பையோடு ஹால்வர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஐயா, ஒப்பந்தத்தைப் படிச்சுப் பார்த்தேன். குழியை மூடக்கூடாது, மறைக்கக்கூடாதுன்னுதான் இருக்கு. சுத்தி கோதுமை விதைக்கக்கூடாதுன்னு எங்கேயும் இல்லை. மேலதிகாரிகிட்டயும் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"அவரும் பண்ணைக்காரர் மகன்தான். குழியில விழுந்துடாதீங்கன்னு சொன்னார்."

ஹால்வர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேரே வீட்டுக்குப் போய், விதைப்புக் கருவியை டிராக்டரில் மாட்டிக்கொண்டு வயலுக்கு வந்தார். இர்மாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் துக்க உடுப்போடு வரப்பில் வந்து நின்றார்கள். வேலியை எப்போதோ பிடுங்கியிருந்தார்கள். குழியைச் சுற்றிக் கட்டியிருந்த ஆரஞ்சு நாடாவை டெல்கடோ அவிழ்த்துச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டான்.

தூரத்துத் தானியக் கிடங்கின் உச்சியில் கண்ணை வைத்து ஹால்வர் கிளம்பினார். பழைய வேலி இருந்த இடம் வந்தது. கை தானாகத் திருப்பப் பார்த்தது. திருப்பாமல் நேரே போனார். குழியின் விளிம்பு வந்ததும் கருவியைத் தூக்கி, சுற்றிப் போய், எதிர்ப்பக்கம் இறக்கி, மறுபடி கிடங்கைப் பார்த்து ஓட்டினார். கழுத்து வலித்தது. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அந்தக் கோடிக்குப் போய்த்தான் திரும்பிப் பார்த்தார். குழிக்கு முன்னால் சால் அம்பு விட்டதுபோல் இருந்தது. குழிக்குப் பின்னால் அரை முழம் தள்ளியிருந்தது. வரப்பில் நின்றவர்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

ஹால்வர் எஞ்சினை அணைத்துவிட்டு, அண்ணனின் திட்டு வரட்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.