அக்கா வீட்டு இரண்டாவது கார்

அத்தான் வாங்கி வந்த பழைய கார் வாசலில் நின்று இருமியது.

ஒற்றைப்படை எண் வண்டிகள் ஒரு நாள், இரட்டைப்படை மறுநாள். நகரத்துக்கு அந்தச் சட்டத்தை வகுத்துக் கொடுத்ததே காற்றுத்தர அதிகாரியான என் அக்காதான். வீட்டிலிருந்த காரின் எண் ஒற்றைப்படை. இது இரட்டைப்படை.

"இனிமே தினமும் கார்லயே போலாம். மூளை வேணும், மூளை," என்றார் அத்தான்.

அக்கா தன் வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாய் முன்னால் பிடித்தாள். "உங்க மூளை கறுப்பா வருதே."

"ஊரே ரெண்டாவது வண்டி வாங்குது. நான் மட்டும் இளிச்சவாயனா?"

அக்கா கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டாள். சட்டம் வந்த புதிதில் சாலையில் நெரிசல் குறைந்தது, காற்றை அளக்கும் அவளுடைய கருவிகளில் படியும் தூசியும் குறைந்தது. இப்போது மறுபடி ஏறுகிறது. அவள் மாதக்கணக்கில் தேடிய காரணம், மெழுகு பூசிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டது.

மறுநாள் நகர மன்றத்தில் கூட்டம். சட்டம் வெற்றி என்று அவள் சொன்னால் துறைத் தலைவர் பதவி அவளுக்கு.

"சொல்லாம விட்டா என்னக்கா? தூசிக்கு ஆயிரம் காரணம் இருக்கு," என்றேன். எனக்கு அப்படித்தான் யோசிக்க வருகிறது.

"அதுல ஒண்ணு நம்ம வாசல்ல நிக்குதேடி."

கூட்டத்தில் அக்கா அந்தக் கைக்குட்டையை விரித்துக் காட்டினாள். "என் சட்டத்துல ஓட்டை இருக்கு. எங்க வீட்டுக் காரே அது வழியா நுழைஞ்சு வந்துடுச்சு." எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தான் நாற்காலியில் சரிந்தார். பழைய வண்டிகளை நிறுத்துங்கள், பேருந்துகளைக் கூட்டுங்கள் என்றாள். மேடையில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. பதவி போய்விட்டது என்பது எனக்கே புரிந்தது. அவளோ பரீட்சை முடிந்த பிள்ளை போல இறங்கி வந்தாள். தன்னைவிடத் தன் வேலையை நேசிப்பது இப்படித்தான் இருக்கும் போல.

"ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே," என்றார் அத்தான் வெளியே வந்ததும்.

"சாட்சிக்குத்தானே கூப்பிட்டேன்."

"சரி தாயே, வித்துடறேன்."

"வித்தா இன்னொருத்தர் வாசல்ல இருமும்."

பேருந்து நிறுத்தம் வந்ததும் அவர் அக்கா பக்கம் திரும்பினார். "அப்போ உடைக்கிற இடத்துக்கே அனுப்பிடறேன்."

பேருந்தில் இடமில்லை. அக்கா கம்பியைப் பிடித்தபடி நின்று, கையிலிருந்த கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. நானும் அத்தானும் பார்த்தோம். இருவருமே சொல்லவில்லை. அது அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.