மச்சினன் நிரப்பிய டப்பா

வெள்ளை டப்பாவுக்குள் ஒரு குட்டிக் கரண்டியும் இருந்தது. மூடியில் எண் மட்டும் உண்டு, பெயர் கிடையாது. காலை ஒன்பது மணிக்குள் மலப் பரிசோதனைக்கு அதை நிரப்பி, ஐஸ் பையில் வைத்து, ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்த்துவிட வேண்டும். எட்டு மணியாகியும் பெரிய மெக்கானிக்கின் வயிறு மனம் இரங்கவில்லை.

போன வருடம் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து அப்படித்தான். மாத்திரைகள் நெஞ்சைக் காப்பாற்றி வயிற்றைக் கட்டிப்போட்டுவிட்டன. முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. கேட்டவர், வலி வந்த அன்று கூடவே நின்ற டாக்டரம்மா. அவர் பொறுமையாகத்தான் விளக்கியிருந்தார். குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன. முட்டையிலும் இறைச்சியிலும் உள்ள சில சத்துகளைச் சில கிருமிகள் தின்று ஒரு வாயுவாக மாற்றுகின்றன. கல்லீரல் அதை வேறொரு பொருளாக்கி ரத்தத்தில் விடுகிறது. அது கூடினால் ரத்தக்குழாய் தடிக்கலாம், ரத்தம் சட்டென்று உறையலாம். ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஆளுக்கு ஆள் கிருமிக் கூட்டம் வேறு.

கீழ்வீட்டில் மனைவியின் தம்பி குடியிருந்தான். லிஃப்ட் வேலையில் இருவரும் பதினாறு வருட ஜோடி. அவனுக்குக் கம்பெனியில் வைத்த பெயர் கடிகாரம். காலை ஆறு பத்துக்கு ஒரு தடவை, எட்டு பத்துக்கு ஒரு தடவை, மழையானாலும் வெயிலானாலும் தவறாது. மாமாவின் முகத்தையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இதுக்கா இவ்வளவு கவலை? கொடுங்க மாமா. ஒரே வீட்டுச் சாப்பாடு. எதுல என்ன வித்தியாசம் தெரியப்போகுது?"

எட்டேகாலுக்கு டப்பா நிரம்பிவிட்டது. பெரிய மெக்கானிக் அதை ஒப்படைத்து, அங்கேயே ரத்தமும் கொடுத்தார். ரத்தம் அவருடையது.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா வரச்சொன்னார். டப்பாவில் இருந்ததை, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் வயிற்றில் செலுத்தியிருந்தார்கள். பிறகு அந்த எலிகளின் கழுத்து ரத்தக்குழாயில் சின்னதாய் ஒரு காயம் செய்து, குழாய் எவ்வளவு நேரத்தில் அடைகிறது என்று பார்த்தார்கள். மற்றவர்கள் கொடுத்ததில் பத்து, பன்னிரண்டு நிமிடம் ஆனது. இதில் நாலே நிமிடம்.

"ஆனா உங்க ரத்தத்துல அந்தப் பொருள் ரொம்பக் கம்மியா இருக்கு. ரெண்டும் ஒத்துப்போகவே இல்ல," என்றார் டாக்டரம்மா. "எங்கேயோ தப்பு நடந்திருக்கு. இன்னொரு தடவை கொடுங்க."

பெரிய மெக்கானிக்குக்கு இரண்டு பயம். நம்பிய பெண்மணியிடம் பொய்க்காரனாக நிற்க வேண்டும் என்பது ஒரு பக்கம். நாலு நிமிடம் யாருடையது என்பது இன்னொரு பக்கம். சுற்றி வளைத்துக் கேட்டார்: இப்படி வயிறு உள்ள ஒருத்தர் சிகரெட்டும் குடித்து, தினம் நாலு முட்டையும் சாப்பிட்டால்? எலிக்கு நடப்பது மனிதனுக்கும் நடக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது என்றார் டாக்டரம்மா. பிறகு, அப்படி ஒருத்தர் இருந்தால் நாளைக்கே பிரஷர் பார்க்கக் கூட்டிவரச் சொல்வேன் என்றார்.

மறுநாள் ஒரு கட்டிடத்தின் மோட்டார் அறையில், சிகரெட் பற்றவைத்த கடிகாரத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். அவன் புகையை விட்டபடி கேட்டுக்கொண்டான்.

"எங்கேயோ ஒரு எலி செத்ததுக்கு நான் லீவு போடணுமா மாமா?"

சிரித்துவிட்டு அவனே அடங்கினான். லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்குகிறவர்களுக்கு ஆண்டுதோறும் உடல் தகுதிச் சான்று வேண்டும். அடுத்த மாதம் அவன் முறை. ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் பெயர் ஏறினால் குழி வேலை போய்விடும்.

"ஸ்டோர்ல உக்காந்து நட்டு எண்ணச் சொல்றீங்களா? சான்று கைக்கு வரட்டும், மறுநாளே வரேன். அதுவரைக்கும் அக்கா காதுக்கு இது போகக்கூடாது. அவளுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும்."

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை எத்தனையோ தடவை நினைத்துப்பார்க்கப்போகிறோம் என்று அப்போது தெரியாது.

சொல்லாவிட்டாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். அவன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து முட்டைகளை எடுத்துத் தான் விழுங்கினார். தீப்பெட்டியை ஒளித்து வைத்தார். ஸ்டென்ட் வைத்தவர் குழிக்குள் இறங்கக் கூடாது, மேலே மோட்டார் அறையோடு நிற்க வேண்டும் என்பது கம்பெனி விதி. அதையும் மீறினார். உயரத்தில் நிற்கும்போது அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நான் இறங்குகிறேன், நீ மேலே இரு என்றார். கிழவருக்கு வீரம் வந்துவிட்டது என்று கடிகாரம் கேலி செய்தான்.

பதினெட்டாம் நாள் காலை பதினொரு மணி. அன்று வேலை பார்த்த கட்டிடத்தின் கீழ் மூன்று மாடியும் வேறொருவரின் கிடங்கு. அந்த உயரம் முழுக்க லிஃப்டுக்குக் கதவு கிடையாது, வெறும் சுவர்தான். லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தைச் சுவரோடு பிடிக்கும் போல்ட்டுகளை முறுக்க, பெரிய மெக்கானிக் கேபினின் கூரைமேல் நின்று அந்த இடத்துக்கு இறங்கினார். மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். வாக்கிடாக்கியில் குரல் வந்தது.

"ஆஃப் பண்ணிட்டேன் மாமா. பூட்டும் போட்டாச்சு. சாவி என் பாக்கெட்ல."

நாலு போல்ட் முறுக்கி முடித்து, மின்சாரத்தைப் போடச் சொன்னார். பதில் இல்லை. மறுபடி அழைத்தார். சிகரெட்டுக்கு வெளியே போயிருப்பான் என்று முதலில் கோபம் வந்தது. ஐந்தாவது தடவை அழைத்தபோது கோபம் போய்விட்டது. கைபேசியில் சிக்னல் இல்லை. மேலே இருட்டு, நாலு பக்கமும் சிமென்ட். ஸ்பேனரால் தண்டவாளத்தை அடித்தார். அந்தச் சத்தம் மேலே போய்த் திரும்பி வந்தது. வேலை நடக்கிறது என்று கட்டிடத்தில் இருந்தவர்கள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். காவலாளிக்குச் சந்தேகம் வந்து மாடி ஏறும்போது ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது.

கடிகாரம் மோட்டாரின் ஓரத்தில் ஒருக்களித்துக் கிடந்தான். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மின்சாரத்தைத் திருப்பிவிட, காவலாளி அவன் பாக்கெட்டைத் துழாவித்தான் சாவியை எடுக்க வேண்டியிருந்தது.

மூளைக்குப் போகும் பெரிய குழாயை ரத்தக்கட்டி அடைத்திருந்தது. தொடை இடுக்கு வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை எடுத்தார்கள். உயிர் பிழைத்தான். வலது கையும் பேச்சும் போய்விட்டன. ஒரு மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அவனைத் தனியாக விட்டது யார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் டாக்டரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னார். அவர் திட்டவில்லை. கணினியில் ஒரு வரியை அழித்தார். அவ்வளவு எலியும் வீண் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்தக் கிருமிகளால்தான் இது வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அன்று அளந்திருந்தால் பிரஷரும் ஏகத்துக்கு இருந்திருக்கும் என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, நிஜமா என்று தெரியவில்லை. பிறகு புதிய டப்பா ஒன்றை நீட்டினார். இந்தத் தடவை மச்சினன் பெயரில். சம்மதத்துக்கு இடது கைக் கட்டைவிரல் ரேகையும் வாங்கி வரச் சொன்னார்.

ரேகை வைத்தான். டப்பா மூன்று நாள் ஆஸ்பத்திரிப் படுக்கையோரத்தில் காலியாகவே இருந்தது. ஆறு பத்தும் வந்து போனது, எட்டு பத்தும் வந்து போனது.

பெரிய மெக்கானிக்கின் மனைவி அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது அன்னிக்கு நீங்க கொண்டுபோன டப்பா மாதிரியே இருக்கே?"

சொன்னார். எட்டேகால், எலிகள், நாலு நிமிடம், தலையாட்டியது எல்லாவற்றையும். தம்பி கேட்டுக்கொண்டே கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

"அவன் விழறதுக்கு எத்தனை நாள் முன்னாடி உங்களுக்குத் தெரியும்?"

"பதினெட்டு நாள்."

தம்பியின் வாயோரத்தில் வழிந்ததைத் துடைத்தாள். துண்டை மடித்து வைத்தாள்.

"பதினெட்டு நாளும் என் பக்கத்துலதானே உக்காந்து சாப்பிட்டீங்க." பிறகு, "அவன் பொண்டாட்டிகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே போய்ச் சொல்லுங்க," என்றாள்.

மாலை நாலு மணிக்குக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். மச்சினன் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். தூக்கம் இல்லாத முகத்தில் பல நாள் கழித்துச் சின்னதாய் ஒரு தெம்பு இருந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்கண்ணா. நாளையிலேருந்து வாயால சாப்பிடலாம்னு சொல்லிட்டாங்க. உங்களுக்குத்தான் டாக்டரம்மா எல்லாம் சொல்லியிருக்காங்களே. அவருக்கு முட்டை கொடுக்கலாமாண்ணா? மசிச்சுக் கொடுத்தா முழுங்கிடுவாரு."

அடுப்பில் முட்டை வேகும் சத்தம் கேட்டது. நாலு முட்டை இருக்கும். பெரிய மெக்கானிக் வாசற்படியைத் தாண்டாமல் நின்றார்.

"அடுப்பை அணைச்சுட்டு இப்படி வந்து உக்காரும்மா," என்றார்.